எலிக் காய்ச்சலை பிசிஆரில் பிடிப்பது எப்படி? நாள் கணக்கிலிருந்து ரிப்போர்ட் வரை

இங்கே சிங்கப்பூரில் ஒரு ஆய்வகத்தில் பல வருடமாக பிசிஆர் பெஞ்சில் நிற்கிறேன். பிசிஆர் என்றால் மாதிரியில் இருக்கும் கிருமியின் டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாக (சைக்கிள்) பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளும், ஊரில் எம்எல்டி (ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு) முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வருபவர்களும் முதலில் கேட்பது மெஷினைப் பற்றித்தான். எந்த பட்டன், எத்தனை சைக்கிள், எந்த கிட் நல்லது. மெஷின் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எலிக் காய்ச்சலில் நான் பார்த்த தப்புகளில் முக்கால்வாசி, மாதிரி லேப் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. காய்ச்சல் வந்து எத்தனாவது நாள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த நாள் கணக்குக்குத்தான் அதிக இடம். மெஷின் அப்புறம் வரும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

எலிக் காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா. மெல்லிய சுருள், நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். வழக்கமான கிராம் சாயத்தில் கண்ணுக்குச் சரியாகப் படாது, இருள்புல மைக்ராஸ்கோப் வேண்டும். எலியின் சிறுநீரகத்தில் இது குடியிருக்கும். எலிக்கு ஒரு கேடும் வராது, ஆனால் மாதக்கணக்கில் சிறுநீர் வழியாகக் கிருமியை வெளியே விட்டுக்கொண்டே திரியும். நாய், மாடு, பன்றியும் பரப்பும். அந்தச் சிறுநீர் கலந்த தண்ணீரோ சேறோ நம் தோலில் இருக்கும் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போனால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம் வரை கூட இழுக்கும். 1886இல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் மஞ்சள் காமாலையோடு வரும் கடுமையான வகையை விவரித்தார். கிருமியைப் பிடித்தது 1915 வாக்கில் ஜப்பானில் இனாடாவும் இடோவும். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு வருகிறது, கிட்டத்தட்ட 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு.

இவ்வளவு சுத்தமான ஊரில் எலிக் காய்ச்சலா என்று கேட்பவர்களுக்கு, 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி பக்கத்து மேட்டில் எலிக்கூட்டம் ஓடியதை ஊரே பார்த்தது நினைவிருக்கும். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) சுத்தம் செய்பவர், புல் வெட்டுபவர், குப்பை அள்ளுபவர், சேற்றில் தவழும் தேசிய சேவைப் பையன்கள், நீர்த்தேக்கத்தில் காயாக் ஓட்டுபவர்கள், எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு. வெளியூர்ப் பயணத்தையும் விட்டுவிடக் கூடாது. 2000இல் மலேசியாவின் சாபாவில் நடந்த இகோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் போனவர்களில் ஏராளமானோர் சேகாமா ஆற்றில் இறங்கிவிட்டு, தங்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் படுத்தார்கள்.

படி 1: சந்தேகப்படுங்கள்

சந்தேகம் வராவிட்டால் டெஸ்ட்டே கிடையாது. காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று வந்தால் இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டெங்கி. அதில் தப்பில்லை. ஆனால் கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறது, பீளை இல்லாமல் கண் மட்டும் சிவந்திருக்கிறது, சிறுநீர் குறைகிறது, லேசாக மஞ்சள் தட்டுகிறது என்றால் எலிக் காய்ச்சலையும் யோசிக்க வேண்டும். தட்டணுக்கள் இரண்டு நோயிலும் குறையும், அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. டெங்கிக்கான என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்ததும் ‘வைரல் ஃபீவர்’ என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பிவிடுவதுதான் ஆபத்து. எலியின் தெள்ளுப்பூச்சி வழி வரும் மியூரின் டைஃபஸும் இதே முகத்தோடு வரும், அதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியாக இருந்து இதைப் படிக்கிறீர்களா? டாக்டரிடம் வேலை என்ன, எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 2: நாளை எண்ணுங்கள்

இதுதான் முக்கியம். காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் ஓடும். அப்போது ரத்தத்தில் பிசிஆர் செய்தால் கிடைக்கும். சுமார் 5ஆம் நாளிலிருந்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கியதும் ரத்தத்திலிருந்து கிருமி ஒதுங்கி சிறுநீரகத்துக்குப் போய்விடும். இரண்டாவது வாரத்தில் சிறுநீரில் தேட வேண்டும், கூடவே ரத்தத்தில் எதிர்ப்பொருளும் பார்க்க வேண்டும். கழுத்து விறைப்பு வந்து முதுகுத்தண்டு நீர் எடுத்தால் அதையும் சோதிக்கலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கால்வாய் வேலை பார்க்கும் ஒரு இளைஞரின் ரத்தம் வந்தது, படிவத்தில் ‘காய்ச்சல் 3 நாள்’. பிசிஆர் சுத்தமாக நெகட்டிவ். ஆனால் சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் ஏறியிருந்தது. மூன்று நாளில் இவ்வளவா என்று உறுத்தியது. வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்த சிஸ்டர் பிலிப்பினோ, அந்தப் பையனுக்குத் தமிழ் மட்டும்தான். போனை அவனிடமே கொடுத்துவிட்டார்.

“தம்பி, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது?”

“வெள்ளிக்கிழமைண்ணே, டாக்டர்கிட்ட போனேன்.”

“டாக்டர்கிட்ட போனது சரி. மொத மொதல்ல குளிர் எடுத்தது என்னைக்கு?”

கொஞ்சம் யோசித்தான். “அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைண்ணே. தேக்கா போய் ஊருக்குப் பணம் அனுப்பிட்டு வந்தேன்ல, அன்னிக்கு ராத்திரியே நடுக்கம். பனடால் போட்டுட்டு வேலைக்குப் போய்ட்டேன்.”

ஆக, அன்று 9ஆம் நாள். படிவத்தில் இருந்த 3, டாக்டரைப் பார்த்ததிலிருந்து எண்ணியது. இடையில் கிளினிக்கில் ஆண்டிபயாடிக்கும் கொடுத்திருந்தார்கள், அது படிவத்தில் இல்லவே இல்லை. சிறுநீர் அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே பாசிட்டிவ்.

அதிலிருந்து என்னிடம் வரும் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்’ என்று கேட்காதீர்கள், சம்பளநாள், ஞாயிறு, ஓவர்டைம் என்று அவர்கள் வாழ்க்கையில் நிற்கும் ஒரு நாளை வைத்து முதல் குளிர் எப்போது என்று கேளுங்கள். நாள் தெரியவில்லையா, குழப்பமாக இருக்கிறதா, ரத்தம் சிறுநீர் இரண்டையும் வாங்கிவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

படி 3: சரியான குழாய்

பிசிஆருக்கு ரத்தம் ஊதா மூடி இடிடிஏ குழாயில். பச்சை மூடி வேண்டாம், அதில் இருக்கும் ஹெப்பாரின் பிசிஆர் என்சைமின் கையைக் கட்டிப்போடும். ஆண்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ உள்ளே போன பிறகு ரத்தத்தில் கிருமி மளமளவென்று குறையும். அதற்காக டெஸ்ட் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதும் கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் ரத்தத்தை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குவார், தொடங்க வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் அவசரம் வேண்டும். மனிதச் சிறுநீர் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது, லெப்டோஸ்பைரா அதில் சீக்கிரம் செத்துச் சிதையும். நடுத்தாரையில் பத்து மில்லிக்குக் குறையாமல் பிடித்து ஓரிரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். வந்ததும் சுழற்றி, அடியில் படியும் வண்டலை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி வைத்துவிடுங்கள். வார்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டுக் காலையில் வரும் சிறுநீரில் நெகட்டிவ் வந்தால் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இன்னொன்று, கிருமி சிறுநீரில் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு முறை நெகட்டிவ் வந்தால் மறுபடி கேளுங்கள்.

படி 4: டிஎன்ஏ பிரித்தெடுத்தல், ஒரு சின்னக் கணக்கோடு

கிட்டில் இருக்கும் முறைப்படி செய்யுங்கள், அதில் நான் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒரு முறையாவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 100 கிருமி இருக்கிறது என்று வைப்போம். நீங்கள் எடுப்பது 200 மைக்ரோலிட்டர், அதில் 20 கிருமி. அத்தனை டிஎன்ஏவையும் ஒன்றுகூட வீணாகாமல் பிரித்தெடுத்து 100 மைக்ரோலிட்டரில் கரைக்கிறீர்கள். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் பிசிஆருக்குள் போகிறது. அப்படியானால் பிசிஆர் பிளேட்டின் ஒரு குழிக்குள் போவது எத்தனை? ஒன்று. அதுவும் சராசரியாகத்தான் ஒன்று. ஒரு குழியில் இரண்டு விழும், பக்கத்துக் குழியில் ஒன்றுமே விழாது.

இதனால்தான் ஒரே மாதிரியை இரண்டு மூன்று குழிகளில் ஓட்டுகிறோம், இதனால்தான் கரைக்கும் அளவை 50 மைக்ரோலிட்டராகக் குறைப்பது உதவும், இதனால்தான் நெகட்டிவ் ரிசல்ட்டைப் பார்த்து ‘நோய் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது, அதுவும் பிசிஆரைக் கெடுக்கும். கழுவும் படிகளில் அவசரப்படாதீர்கள். கடைசியில் டிஎன்ஏ ஒட்டியிருக்கும் வடிகட்டிக் குழாய் (column) உலர்வதற்கு ஒரு முறை கூடுதலாகச் சுழற்றுங்கள், ஆல்கஹால் மிச்சம் இருந்தாலும் என்சைமுக்கு ஆகாது. ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தண்ணீரை வைத்து ஒரு வெற்று மாதிரியையும் கூடவே பிரித்தெடுங்கள். மாதிரியைத் திறப்பது பாதுகாப்பு கேபினெட்டுக்குள், கையுறையோடு. சிறுநீர்தானே என்று அலட்சியமாக இருந்தால் தொற்று உங்களுக்கே வரும்.

படி 5: எந்த ஜீனைத் தேடுவது

பெரும்பாலும் லிப்எல்32. இது நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராவின் வெளிச்சவ்வில் இருக்கும் ஒரு புரதத்துக்கான ஜீன். குளம் குட்டையில் தீங்கில்லாமல் வாழும் லெப்டோஸ்பைராக்களிடம் இது கிடையாது, அதனால் பாசிட்டிவ் வந்தால் தைரியமாகச் சொல்லலாம். குறை என்னவென்றால் ஒரு கிருமிக்கு ஒரே ஒரு பிரதிதான். 16எஸ் ஜீன் இரண்டு பிரதி இருக்கும், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அது தீங்கில்லாத வகைகளிடமும் இருப்பதால் பிரைமரையும் புரோபையும் (தேடும் ஜீனில் போய் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டுகள்) கவனமாக வடிவமைத்திருக்க வேண்டும். நடுத்தரமாக ஒரு குழு உண்டு, லேசான நோயைத் தருபவை, அவற்றை லிப்எல்32 தவறவிடலாம். என்னைக் கேட்டால் ஒரே ஒரு டெஸ்ட் வைக்க இடமிருந்தால் லிப்எல்32, இரண்டு வைக்க முடிந்தால் 16எஸ்ஸையும் சேருங்கள்.

கூடவே, ஓட்டம் ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் உள்கட்டுப்பாடு ஒன்று கட்டாயம். மனித ஆர்என்ஏஸ் பி ஜீனோ, பிரித்தெடுக்கும்போதே நீங்கள் கலந்துவிடும் வேறு ஏதாவது டிஎன்ஏவோ. அது வரவில்லை, லெப்டோவும் வரவில்லை என்றால் அது நெகட்டிவ் கிடையாது, செல்லாத ஓட்டம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், பல சமயம் தடுப்பான் விலகி வழிவிடும்.

புதிய டெஸ்டை நோயாளி மாதிரிக்குப் பயன்படுத்தும் முன் அதை சரிபார்க்க வேண்டும். பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்த டிஎன்ஏவை ஓட்டி, டிஎன்ஏ அளவின் மடக்கைக்கு எதிரே சிடி எண்ணை (குழியின் ஒளி எந்தச் சைக்கிளில் எழுகிறது என்பது) வைத்து நேர்கோடு போடுங்கள், சாய்வு −3.3 பக்கத்தில் வர வேண்டும், −3.1க்கும் −3.6க்கும் இடையில் இருந்தால் ஏற்கலாம். 20 முறை ஓட்டினால் 19 முறையாவது பிடிபடும் மிகக் குறைந்த அளவு எது என்று கண்டுபிடியுங்கள். தீங்கில்லாத லெப்டோஸ்பைரா பைஃப்ளெக்ஸா, மெலியாய்டோசிஸ் கிருமி, ஈ கோலை, டெங்கி நோயாளிகளின் ரத்தம், இவை எல்லாம் நெகட்டிவாக வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: ஒருவழிப் பாதை

மாஸ்டர் மிக்ஸ் (என்சைமும் பிரைமரும் சேர்ந்த கலவை) கலக்க ஒரு அறை, மாதிரி சேர்க்க ஒரு அறை, மெஷின் இருக்க ஒரு அறை. போவது ஒரே திசையில். மெஷின் அறைக்குப் போட்ட லேப் கோட்டோடு கலக்கும் அறைக்குத் திரும்பக் கூடாது. நான் திரும்பினேன். புதுசாக இருந்த காலத்தில், மதியச் சாப்பாட்டு அவசரத்தில், ஒரே ஒரு முறை. அடுத்த நாள் தண்ணீர் மட்டும் இருந்த குழி 36ஆம் சைக்கிளில் மெல்ல எழுந்து நின்றது, அதாவது பாசிட்டிவ் காட்டியது. எல்லா மாதிரியையும் தூக்கிப் போட்டு, பைபெட்டிலிருந்து மேசைக்கால் வரை ப்ளீச் போட்டுத் துடைத்து, திறந்திருந்த பிரைமர் குழாய் அத்தனையையும் கழித்துக்கட்டி இரண்டு நாள் போயிற்று. ஓடி முடிந்த ஒரு குழாயில் கோடிக்கணக்கில் பிரதிகள் இருக்கும், மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியே ஒரு பிளேட்டைக் கெடுக்கப் போதும். ஓடி முடிந்த பிளேட்டை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ஃபில்டர் உள்ள டிப் மட்டும் பயன்படுத்துங்கள். முதலில் நோயாளி மாதிரிகளைச் சேருங்கள், பாசிட்டிவ் கண்ட்ரோல் எல்லாவற்றுக்கும் கடைசி.

படி 7: ஓட்டுவது, கோட்டைப் படிப்பது

ஓட்டுவது சுலபம். 95 டிகிரியில் சில நிமிடம், பிறகு 95இல் 15 விநாடி, 60இல் ஒரு நிமிடம் என்று 40 அல்லது 45 சுற்று. கிட்டுக்குக் கிட்டு கொஞ்சம் மாறும்.

முடிந்ததும் சிடி எண்ணை முதலில் பார்க்காதீர்கள், சைக்கிள் ஏற ஏற ஒளி எப்படிக் கூடுகிறது என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். உண்மையான பாசிட்டிவ் தரையோடு தரையாக வந்து, சட்டென்று ஏறி, மேலே போய்த் தட்டையாகும். தொடக்கத்திலிருந்தே சாய்வாக நகர்ந்து ஏறும் கோட்டுக்கு மெஷின் ஒரு சிடி எண் கொடுத்துவிடும், அதை நம்ப வேண்டாம். எண் குறையக் குறைய கிருமி அதிகம், சுமார் 3.3 சைக்கிளுக்குப் பத்து மடங்கு. ஆக சிடி 24க்கும் 34க்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் ரத்தத்தின் சிடியையும் சிறுநீரின் சிடியையும் ஒப்பிட்டு ‘ஏறுகிறது, இறங்குகிறது’ என்று பேசாதீர்கள். முந்தைய இரவு இரண்டு லிட்டர் டிரிப் ஏறியவரின் சிறுநீர் நீர்த்துத்தான் இருக்கும்.

இரண்டு குழியில் ஒன்று மட்டும் 38இல் எழுந்தால் என்ன செய்வது? படி 4இன் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். கலப்படமாகவும் இருக்கலாம். மீதி ரத்தத்திலிருந்து மறுபடி பிரித்தெடுத்து ஓட்டுங்கள், வேறு ஜீனில் ஓட்டுங்கள், புதிய மாதிரி கேளுங்கள். அதுவரை டாக்டரிடம் போனில் ‘சந்தேகத்துக்குரியது, மறுபடி பார்க்கிறோம்’ என்று சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

படி 8: ரிப்போர்ட்

‘லெப்டோஸ்பைரா டிஎன்ஏ கண்டறியப்பட்டது’ அல்லது ‘கண்டறியப்படவில்லை’. இதற்கு மேல் போகக் கூடாது. கண்டறியப்படவில்லை என்றால் கீழே எந்த மாதிரி, காய்ச்சலின் எத்தனாவது நாள் என்று போட்டு, தேவையான அடுத்த மாதிரியையும் ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணமாக, ‘9ஆம் நாள் ரத்தம், சிறுநீரும் எதிர்ப்பொருள் சோதனைக்கு சீரமும் அனுப்பவும்.’ டெங்கி பாசிட்டிவாக இருப்பதால் இது இருக்காது என்று எண்ண வேண்டாம், இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

எதிர்ப்பொருளுக்கு விரைவு ஐஜிஎம் (முதலில் உருவாகும் எதிர்ப்பொருள் வகை) டெஸ்ட்டுகள் உண்டு, முதல் சில நாளில் அவை காலை வாரும், பழைய தொற்றிலும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். தரமான முறை மேட் எனப்படும் ஒட்டுத்திரள் சோதனை. உயிருள்ள பல வகை லெப்டோஸ்பைராவை வளர்த்து வைத்துக்கொண்டு நோயாளியின் சீரத்தோடு கலந்து பார்ப்பது. ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு சீரம், 10 முதல் 14 நாள் கழித்து இன்னொன்று, நாலு மடங்கு ஏறியிருந்தால் உறுதி. அதற்குள் நோயாளி குணமாகி வேலைக்கே திரும்பியிருப்பார், இரண்டாவது ரத்தத்துக்கு அவரைப் பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் முதல் வாரத்தில் பிசிஆருக்கு இவ்வளவு மதிப்பு. கல்ச்சரைப் பற்றிக் கேட்காதீர்கள், வளர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும், சிகிச்சைக்கு உதவாது.

சிங்கப்பூரில் 2016 முதல் இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். பாசிட்டிவ் வந்தால் அறிவிப்பை அன்றைக்கே அனுப்பி முடியுங்கள். அவர் எங்கே வேலை செய்தார், அங்கே எலி இருக்கிறதா, கூட வேலை செய்யும் மற்றவர்களுக்குக் காய்ச்சல் உண்டா என்ற விசாரணை அதிலிருந்துதான் தொடங்கும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்

நாய்க்கு லெப்டோ தடுப்பூசி போட்டிருந்தால் எதிர்ப்பொருள் சோதனை குழப்பும், ஊசியாலா நோயாலா என்று தெரியாது. பிசிஆருக்கு அந்தக் குழப்பம் குறைவு. நாயிலும் அதே கதைதான், முதலில் ரத்தம், பிறகு சிறுநீர், இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லி விலங்கு மருத்துவரிடம் கேளுங்கள். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறையோடு துடைத்து, ப்ளீச் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

படி 9: மீதி டிஎன்ஏ

தூக்கிப் போடாதீர்கள். −80இல் வையுங்கள். பிசிஆர் பாசிட்டிவ் என்பது எந்த வகை லெப்டோஸ்பைரா என்று சொல்லாது. பின்னால் ஒரே டார்மிட்டரியிலிருந்து மூன்று பேர் வந்தால், செக்ஒய் ஜீனை வரிசைப்படுத்தி எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்க இந்த 40 மைக்ரோலிட்டர்தான் கைகொடுக்கும். குழாயின் மேல் எண்ணும் தேதியும் மட்டும் போதாது, அழியாத மையில் மாதிரி எது, காய்ச்சலின் எத்தனாவது நாள் என்பதையும் எழுதிவிட்டு ஃபிரீசர் கதவைச் சாத்துங்கள்.